திருஷ்டிப் பொம்மை, நம்பர் நான்கு

மே 4

இந்த டயரி டாக்டர் கொடுத்தது. தினமும் காலையில் சர்க்கரை எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நடந்தேன் என்று எழுத வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் என் மனைவி ரெஜினா வாங்கிப் பார்ப்பாளாம். ஆட்டக்காரர்களைப் பற்றி இத்தனை வருடமாக நான் எழுதிய அறிக்கைகளை எவனும் முழுசாகப் படித்ததில்லை. என் ரத்தத்துக்கு மட்டும் இரண்டு வாசகர்கள்.

இன்று சர்க்கரை கூடுதல். காரணம் இட்லி அல்ல, நவநீதனின் போன்.

டாக்டருக்காக எழுதுகிறேன்: நான் ஆசீர்வாதம், பழைய கோல்கீப்பர். கோவை காட்டெருமைகள் என்ற கால்பந்து அணிக்கு ஆள் தேடிக் கொடுப்பது என் வேலை. புது ஆட்டக்காரர்களை லீக் அணிகள் பங்கு பிரித்துக்கொள்ளும் நாளுக்கு டிராஃப்ட் என்று பெயர். போன வருடம் கடைசியாக வந்த அணி முதலில் ஆளை எடுக்கும். கடைசி வந்தது நெல்லை நீர்நாய்கள். அதற்கு முந்தினது நாங்கள். ஆகவே நெல்லை எடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு.

நவநீதன் எங்கள் முதலாளி. அப்பா பம்ப்செட் செய்கிறார், மகன் அணி நடத்துகிறார். "ஆசீர்வாதமுங்க, போன வருசம் நீங்க புடிச்சுக் குடுத்த மொத ஆளு மூணு மேட்ச் ஆடீட்டுக் கல்யாணம் பண்ணி மாமனார் ஊட்டோட போயிட்டானுங்க. இந்த வருசமும் மொத ஆளு வெளங்குலீன்னா, ஆளுகளுக்கு மார்க்குப் போடற ஜெர்மனிக்காரன் சாப்ட்வேர வெச்சே பாத்துக்கலாம்னு இருக்கேனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். வேலையை விட்டுத் தூக்குவேன் என்பதைக்கூட இவர்களால் 'ங்க' போடாமல் சொல்ல முடியாது.

மே 6

இங்கே சென்னையில், வியாசர்பாடி மைதானத்தில் கோப்பைப் போட்டி. போக வர நடந்தேன். (டாக்டர் கவனிக்கவும்.)

முல்லை பாய்ஸ் அணியில் பத்தாம் நம்பர் டைட்டஸ் என்று ஒருவன் முன்னால் ஆடுகிறான். தலைமுடியில் பாதி தங்க நிறம். காலில் நெருப்பை வைத்துக் கட்டியது போல ஓடுகிறான். நான் பார்த்த ஆட்டத்தில் இரண்டு கோல். என் வேலையைக் காப்பாற்றப் போகிறவன் இவன்தான் என்று எழுந்து கத்தலாம் போலிருந்தது. கத்தவில்லை. ஏனென்றால் எதிர்ப் பக்கம் இசக்கிராஜ் உட்கார்ந்திருந்தார்.

இசக்கிராஜ் நெல்லைக்கு ஆள் பிடிக்கிறவர். நல்ல மனிதர், கருப்பட்டி மிட்டாய் வாங்கி வருவார். ஆனால் டைட்டஸை அவர் கண்ணில் பட விட்டால் என் பிழைப்பு போச்சு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டிய ஆளைப் பார்க்கவே கூடாது. வேண்டாத ஒருவனைத் தேர்ந்தெடுத்து, அவனை விழுங்குவது போலப் பார்க்க வேண்டும். கட்டுகிற வீட்டு வாசலில் பூத முகம் ஒன்றை மாட்டுவார்களே, ஊர்க்கண் வீட்டின் மேல் விழாமல் அதன் மேல் விழட்டும் என்று, அதே ஏற்பாடுதான். அப்படிப்பட்டவனுக்கு எங்களுக்குள் திருஷ்டிப் பொம்மை என்று பெயர்.

என் பொம்மையைப் பிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதே முல்லை பாய்ஸில் பின்வரிசையில் நாலாம் நம்பர். ஆட்டம் முடிந்தபோது அத்தனை பேரும் புழுதியில் புரண்டு செங்கல் நிறத்தில் இருந்தார்கள். இவன் சட்டை மட்டும் வெளுத்து வந்த மாதிரி இருந்தது. கீழே விழவில்லை, பாயவில்லை, வியர்த்ததாகக்கூடத் தெரியவில்லை. விசாரித்தேன். பூபாலன், வயது இருபத்திரண்டு, பகலில் எம்.சி. ரோட்டில் புடவைக் கடை சேல்ஸ்மேன். துணி அழுக்காகக் கூடாது என்ற கவலை போலும்.

அவன் பக்கம் எல்லைக்கோட்டோரமாகப் போய் நின்றுகொண்டு, தலையை நாலாம் நம்பர் பக்கம் திருப்பி, கண்ணை மட்டும் பத்தாம் நம்பர் மேல் ஓட்டினேன். லேசான வேலை இல்லை.

மே 7

கழுத்து பிடித்துக்கொண்டது. ரெஜினா தைலம் தேய்த்தாள். சர்க்கரை பார்க்கவில்லை.

மே 10

இன்றும் முல்லை பாய்ஸ் வெற்றி. டைட்டஸ் ஒரு கோல். கண் கோணலாகவே நின்றுவிடும் போலிருக்கிறது.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் இசக்கிராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மிட்டாயை நீட்டினார். "அண்ணாச்சி, அந்த நாலாம் நம்பர் பயல்ட்ட அப்பிடி என்னத்தக் கண்டிய? ரெண்டு மேட்சா அவனையே பாத்துக்கிட்டு இருக்கிய. அவன் சும்மால்லா நிக்கான்?"

மீன் தூண்டிலைக் கவ்விவிட்டது. யோசிக்கவே இல்லை, வாய் அதுபாட்டுக்கு ஓடியது. "சும்மா நிக்கிறானா? இசக்கி, அவன் பந்தையே பாக்குறதில்ல. அடிக்கப் போறவன் கண்ணைப் பாக்குறான். பந்து வர்றதுக்கு முன்னாடி அங்க போய் நின்னுடுறான். விழுந்து தடுக்கிறவன் யாரு? லேட்டா வந்தவன். இவன் ஏன் விழணும்?"

இசக்கிராஜ் டீயை ஆறவிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கிருந்துதான் எனக்கு இப்படிப் பொய் வருகிறதோ! கோல்கீப்பராகப் போனதற்குப் பதில் அரசியலுக்குப் போயிருக்கலாம்.

சாப்பிட்டது: சுண்டல். டீ, சர்க்கரை இல்லாமல்.

*சட்டைப் பையில் எண்ணெய்க் காகிதம் இருந்தது. மிளகாய் பஜ்ஜி. டாக்டர் பார்வைக்கு. — ரெஜினா*

மே 14

மழை. ஆட்டத்தை நிறுத்தவில்லை.

பொய் சொன்னால் பொருந்தச் சொல்ல வேண்டும். அதனால் இன்று நாலாம் நம்பரைக் கொஞ்சம் கவனித்தேன். அடுத்த முறை இசக்கிராஜ் கேட்டால் சொல்லச் சரக்கு வேண்டுமே, அதற்காக மட்டும்தான்.

எதிரணியில் வலது ஓரமாக ஒரு பையன் வந்தான். நல்ல வேகம். பூபாலன் அவனை நோக்கி ஓடவில்லை. நாலு அடி பின்னால் போனான், இடது பக்கம் ஒரு அடி வைத்தான், நின்றான். அந்தப் பையன் பந்தை நேராக இவன் காலில் கொண்டுவந்து வைத்தான். மறுபடி வந்தான். இவன் மறுபடியும் நின்றான், வேறு இடத்தில். பந்து மறுபடியும் இவன் காலுக்கு வந்தது. மூன்றாவது தடவை அந்தப் பையனுக்கு ஆத்திரம் வந்து, மைதானத்தின் மறு ஓரத்துக்கே மாறிப் போய்விட்டான். அங்கே பந்தைத் தட்டி நிமிர்ந்தால் எதிரே பூபாலன். இவன் எப்போது அங்கே போனான் என்று எனக்கே தெரியவில்லை, நான் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையன் நின்று சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். சேறு தெளித்து எல்லோரும் எருமை மாதிரி ஆகிவிட்டார்கள். பூபாலனுக்குக் காலுறை மட்டும் நனைந்திருந்தது.

தொப்பலாக வீட்டுக்கு வந்தேன். "குடை?" என்றாள் ரெஜினா. குடை கையில்தான் இருந்தது. விரிக்க மறந்துபோனேன். "யாரு ஜெயிச்சா?" என்றாள். அதுவும் சரியாகத் தெரியவில்லை. டைட்டஸ் இரண்டு கோல் போட்டானாம், இசக்கிராஜ் போனில் சொன்னார்.

மே 16

நவநீதனிடம் போனில் திட்டத்தை விளக்கினேன். எடுக்க வேண்டியது டைட்டஸ், நெல்லையின் கண்ணை மறைக்க ஒரு பொம்மை, பொம்மையின் பெயர் பூபாலன். மனிதருக்கு ஒரே சந்தோஷம். "அருமைங்க! நாலாம் நம்பர எங்க சாப்ட்வேர்லயும் போட்டுப் பாத்தேனுங்க. கடைசி எடமுங்க. விழுந்து தடுத்தது பூஜ்யம், மோதினது பூஜ்யம். சோம்பேறின்னு வருதுங்க."

"விழ வேண்டிய அவசியமே இல்லாதவனுக்கு விழுந்த கணக்கு எப்படி வரும்?" என்று கத்திவிட்டேன்.

"பொம்மைக்கு எதுக்குங்க இவ்வளவு கோவம்?" என்றார்.

தொழில் சுத்தம் என்று சொல்லி வைத்தேன். சர்க்கரை கூடுதல்.

மே 19

ரெஜினாவின் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். புடவை எடுக்க எம்.சி. ரோட்டுக்குப் போனோம். எத்தனையோ கடை இருக்க, அவள் நேராக நுழைந்த கடையில் பூபாலன் நின்றிருந்தான்.

டிராஃப்டுக்கு முன் ஆட்டக்காரனிடம் நாங்கள் பேசக் கூடாது. பேசியது தெரிந்தால் அந்த அணிக்கு அவன் கிடையாது என்பது லீக் விதி. எங்களுக்கு அவன் வேண்டாம்தான். இருந்தாலும் விதி விதிதானே. நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நீலத்துல காட்டுப்பா, மயில் நீலம்" என்றாள் ரெஜினா. அவன் ஒரு நீலத்தை எடுத்தான், பெயருக்குப் பிரித்தான். பிறகு அடியிலிருந்து அரக்கு நிறத்தில் ஒன்றை உருவி, "இதையும் பாத்துடுங்கம்மா" என்று மடியில் விரித்தான். அவள் அதைக் கையிலிருந்து விடவே இல்லை. பில் போட்டுவிட்டு வந்தோம். நீலம் கேட்டால் அரக்கு எடுத்துப் போடுகிறான். காது மந்தம் என்று நினைக்கிறேன்.

"உள்ள வரும்போதே கடை வாசல் பொம்மை கட்டியிருந்த அரக்குப் புடவையைத்தாங்க பாத்தேன். வெல அதிகமா இருக்கும்னு நீலம் கேட்டேன். அந்தப் பையனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று பஸ்ஸில் ரெஜினா கேட்டாள். எனக்கென்ன தெரியும்?

மே 23

இறுதி ஆட்டம். முல்லை பாய்ஸ் கோப்பை வாங்கியது. ஒன்றுக்கு சைபர். கோல் டைட்டஸ் போட்டது. சைபர் யார் போட்டது என்று எந்தப் பேப்பரும் எழுதாது.

டீக்கடையில் இசக்கிராஜைப் பார்த்ததும் எனக்கு என்னவோ வந்துவிட்டது. "இசக்கி, நாலாம் நம்பரைப் பத்தி நான் கொஞ்சம் ஓவரா சொல்லிட்டேன். ஆளு மெதுவு. தலையால அடிக்க வராது. வயசும் ஆயிடுச்சு. பத்தாம் நம்பர் டைட்டஸ் இருக்கானே, அவன்தான் சரக்கு. அவனை எடுத்துக்குங்க" என்றேன்.

இசக்கிராஜ் என் தோளில் கை போட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, இம்புட்டு நாளு வாய் நிறையச் சொல்லிட்டு இப்ப ஒளிக்கப் பாக்கியளா? பயம் வந்துட்டோ? நான் மொதலாளிட்ட சொல்லியாச்சு. மொத ஆளு பூபாலந்தான்."

நான் ஏன் அப்படிப் பேசினேன்? வேறு எதற்கு, பொய்யை உறுதிப்படுத்தத்தான். கெட்டிக்காரத்தனம். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

மே 30

டிராஃப்ட். பெரிய ஹோட்டல், குளிர் தாங்கவில்லை. என்னிடம் கோட்டு கிடையாது. நவநீதன் கொடுத்த கோட்டில் இரண்டு ஆசீர்வாதம் நுழையலாம்.

நெல்லை முதலில். இசக்கிராஜ் மேடையேறி மைக்கைத் தட்டினார். "பூபாலன், முல்லை பாய்ஸ்" என்றார். மண்டபத்தில் யார் யார் என்று ஒரே பேச்சு. ஒரு டிவிக்காரப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னாள். நவநீதன் மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினார். "ஜெயிச்சுட்டோமுங்க!"

எல்லாம் திட்டப்படியே நடந்தது. முப்பது வருடத்தில் என் திட்டம் எதுவும் இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை. அடுத்தது எங்கள் முறை. மேடையில் மைக்கைப் பிடித்து, "கோவை காட்டெருமைகள் எடுப்பது, நம்பர் நாலு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். திருத்திக்கொண்டு டைட்டஸ் என்றேன்.

பார்வையாளர் வரிசையில் பூபாலன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

மே 31

சர்க்கரை பார்க்கவில்லை. பசி இல்லை. நடக்கவில்லை.

ஆகஸ்ட் 17

லீக்கில் முதல் ஆட்டமே கோவைக்கும் நெல்லைக்கும். கோவை மைதானம் நிறைந்திருந்தது.

டைட்டஸ் நல்ல பையன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். இடது பக்கம் ஓடினான், அங்கே பூபாலன். வலது பக்கம் ஓடினான், அங்கேயும் பூபாலன். நடுவில் நின்று பார்த்தான், பந்தே வரவில்லை. ஏனென்றால் அவனுக்குப் பந்து கொடுக்க நினைக்கிறவன் நினைத்து முடிப்பதற்குள் வழியில் பூபாலன் நின்றான். இரண்டுக்கு சைபர். தோற்றோம்.

ஆட்டம் முடிந்து எங்கள் ஆட்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். டைட்டஸின் சட்டை பெட்டி போட்டு எடுத்தது போல இருந்தது. ஒரு பொட்டு அழுக்கில்லை. இவன் சட்டை சுத்தமாக இருந்ததற்குக் காரணம் வேறு.

டிவியில் இசக்கிராஜிடம் கேட்டார்கள், இந்த முத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. அந்த வெள்ளை மனசு, "எனக்கு எங்கங்க தெரியும்? கோவை டீம் ஆசீர்வாதம் அண்ணாச்சிதான் சொன்னாவ. அவுக கண்ணு மாதிரி கண்ணு தமிழ்நாட்டுலயே கெடயாது" என்று மைக்கில் சொல்லிவிட்டது.

ஆகஸ்ட் 18

நவநீதன் கூப்பிட்டனுப்பினார். காபி கொடுத்தார். அதில் சர்க்கரை இருந்தது, குடித்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. அந்தப் பையன் நல்ல ஆட்டக்காரன்னு தெரிஞ்சே நெல்லைக்குச் சொல்லிக் குடுத்தீங்களா, தெரியாமயே சொன்னீங்களா? தெரிஞ்சு சொல்லியிருந்தா அது துரோகமுங்க. தெரியாம சொல்லியிருந்தா அது குருட்டுத்தனமுங்க. எதுங்க?"

நல்ல கேள்வி. கோவையிலிருந்து சென்னை வரும்வரை ரயிலில் அதையே என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ரெண்டுக்குமே இங்க வேலை இல்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19

வேலை போனதை ரெஜினாவிடம் சொன்னேன். அவள் மிளகாய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள். எழுத வேண்டாம் என்றாள். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 22

இசக்கிராஜ் போன். "அண்ணாச்சி, எங்க மொதலாளி டிவியப் பாத்துட்டு, அந்தக் கண்ணு நம்மட்டல்லா இருக்கணும்ங்காரு. தலைமை ஆள் பிடிக்கிற வேலை. எனக்கு மேல நீங்க. எனக்கு வருத்தம் ஒண்ணுங் கெடயாது, சத்தியமா. வந்துருதியளா?"

பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். எப்படிப் போவேன்? நான் அவரை ஏமாற்றத்தானே பார்த்தேன்? அவர் எனக்கு வேலை தேடித் தருகிறார். நாலாம் நம்பரை நான் பொம்மையாகத்தான் பிடித்தேன் என்று அங்கே தெரிந்தால் எந்த முகத்தோடு நிற்பது?

ரெஜினா மட்டும், "மழையில குடையக் கையில வெச்சுக்கிட்டு நனைஞ்சு வந்த மனுசன் யாருங்க?" என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 29

திருநெல்வேலி. வேலையில் சேர்ந்தேன்.

இசக்கிராஜ் ஸ்டேஷனுக்கே அல்வாவோடு வந்திருந்தார். நேராக மைதானத்துக்குக் கூட்டிப் போனார். பயிற்சி முடிந்து எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பூபாலன் என்னைப் பார்த்ததும் வந்தான். சட்டை வழக்கம்போல.

இனி இவனிடம் பேசலாம், விதி தடுக்காது. என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. நன்றி சொல்லப் போகிறான், அதை வாங்கிக்கொண்டு நான் எப்படி நிற்பேன் என்று பயமாக இருந்தது. முந்திக்கொண்டு, "பூபாலா, உன்னை முதல் நாளே பாத்து வெச்சேன்" என்று ஆரம்பித்தேன்.

"இல்ல சார்" என்றான். சிரித்தான். "மொத ரெண்டு மேட்ச்சு நீங்க என்னைப் பாக்கவேல்ல. மூஞ்சி என் பக்கம் இருந்துச்சு, கண்ணு டைட்டஸ் மேல இருந்துச்சு. கடையிலயும் அப்டித்தான் சார், கேக்குறது ஒண்ணு, கண்ணு போறது ஒண்ணு. எனக்கு அதான வேலை."

இசக்கிராஜ் நல்லவேளையாக அல்வாப் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார்.

"மழை மேட்ச்லதான் சார் என்னைப் பாத்தீங்க. குடையக்கூட விரிக்காம பாத்தீங்க. டைட்டஸ் ரெண்டு கோல் போட்டான், நீங்க திரும்பவே இல்ல. சின்ன வயசுலேர்ந்து ஆடுறேன், என்னை ஒருத்தரும் அப்டிப் பாத்ததில்ல சார். அந்தப் பையனை மறு ஓரம் வரைக்கும் தொரத்திட்டுப் போகணும்னே இல்ல. நீங்க பாக்குறீங்கன்னுதான் போனேன்."

நான் அழுதுவிட்டேன். இசக்கிராஜ் பதறி, "என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?" என்று கையில் அல்வாவைத் திணித்தார்.

சர்க்கரை: பார்க்கவில்லை. சாப்பிட்டது: அல்வா, இரண்டு கை. ரெஜினா படிக்கட்டும்.